பிளேன்காரரின் ஐம்பது நிமிஷம்

ஆகாயத்தில் துளியும் பயப்படாமல், தரையில் மட்டும் பயந்து பயந்து வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில், மாமனார் வீட்டு மாடியில்தான் இருந்தார்.

அவருக்குப் பெயர் இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் பிளேன்காரர். ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானி. மாதத்தில் இருபது நாள் மெட்ராஸில் இருப்பார். மீதி நாட்களில் சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து மாமனார் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்தப் பஸ்ஸில் அவர் ஏறும் விதமே தனி. விமானம் கிளம்புவதற்கு முன் விமானி கீழே இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கத்தில் பஸ்ஸையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டுவார். பின்பக்கம் குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். ஒருமுறை டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ், இது இன்னா பஸ்ஸா, பொண்ணா? இப்டி சுத்திச் சுத்திப் பாக்கற! ஏறுய்யா!"

"பின்னாடி வலது டயர்ல காத்து கம்மிங்க."

"காலைல இருந்து கம்மிதான். அதுக்கென்னா இப்ப, பறக்கவா போறோம்?"

பிளேன்காரர் அடுத்த பஸ்ஸில்தான் வந்தார்.

அவர் கைக்கடிகாரம் எப்போதும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும். விமானக் கணக்கெல்லாம் கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டுமாம். அதை மாற்றி மாற்றி வைத்தால் என்றைக்காவது தப்பு நேர்ந்துவிடும் என்று, வீட்டிலும் அதே நேரத்தில்தான் வாழ்ந்தார். "ஏழரைக்கு சாப்ட்டேன்" என்பார். மத்தியானம் ஒரு மணியைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள எங்கள் தெருவுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. மழை பெய்யாத நாளிலும் 'இல்லை' என்று எழுதியாக வேண்டும். அதைத் தவறாமல் எழுதுகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அவர் என்னை நண்பராக ஏற்றுக்கொண்டார்.

அவரிடமும் ஒரு பதிவேடு இருந்தது. நீல அட்டை போட்ட, நீளவாட்டு நோட்டு. அவர் பறந்த ஒவ்வொரு நிமிஷமும் அதில் இருந்தது. அந்த நோட்டின் சூட்சுமத்தை அவர் எனக்கு விளக்கிய நாளை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். அன்று மழை இல்லை.

"வண்டியில ரெண்டு சீட்டு சார். எடது பக்கம் கேப்டன், வலது பக்கம் நான். சில நாள் கெளப்பறதுல இருந்து எறக்கறது வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். ஆனா நோட்டுல அது துணை விமானி கணக்குலதான் போவும். பொறுப்பு அவரோடது இல்லியா."

"சரி."

"நான் கேப்டனாவணும்னா, கேப்டனா பறந்த கணக்கு இத்தினி மணின்னு காட்டணும்."

"கேப்டன் ஆகாமல் எப்படிக் கேப்டனாகப் பறப்பீர்கள்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருஷத்துல இதக் கேட்ட மொதல் ஆளு நீங்கதான் சார்" என்றார்.

அதற்கு ஒரு வழி இருந்தது. குறிப்பிட்ட சில மூத்த கேப்டன்கள், பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டு, "இன்றைக்கு நீயே கேப்டன் வேலையைச் செய்" என்று விடலாம். முடிவெடுப்பது, ஓட்டுவது, இறக்குவது எல்லாம் துணை விமானி. அப்படிப் பறந்த நேரம் கேப்டன் கணக்கில் சேரும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்த மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அது வெறும் துணைக் கணக்குதான்.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதக் கடைசியில் பிளேன்காரரின் நிலைமை இதுதான். மணிக்கணக்கு சரியாக நிரம்பிவிட்டது. கடைசி இரண்டு பக்கத்துக்குக் கையெழுத்து இல்லை. அந்த இரண்டு பக்கத்துக்கும் மேற்பார்வை பார்த்த கேப்டன் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்து வரும் திங்கட்கிழமை வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்த் தங்கப் போகிறார். அதற்குள் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்று கல்வராயன் மலையில் ஒரு ஓய்வு விடுதியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அதே வாரத்துக்குள் மெட்ராஸில் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் கேப்டன் பயிற்சிக்கான அந்தச் சுற்று போய்விடும். ஜூனியர்கள் இருவர் முன்னால் போய்விடுவார்கள்.

"மலைதானே, பக்கத்தில்தானே இருக்கிறார்" என்றேன்.

"பக்கத்துல இருக்கறதுதான் சார் பயமா இருக்கு" என்றார்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. நோட்டைத் திருடன் கொண்டுபோய்விடுவான் என்று பீரோவில் வைத்தார். வீடு தீப்பிடித்தால் பீரோவும் எரியுமே என்று அரிசி டின்னுக்குள் புதைத்தார். சோற்றுக்கு அரிசி அளக்கப் போன அவர் மனைவி அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. டின்னுக்குள் கைவிட்டால் வழவழவென்று பாலித்தீன் பை தட்டுப்பட, பாம்பு என்று நினைத்துவிட்டார்.

"உங்க நோட்டுக்கு அரிசி டின்னுதான் கெடச்சுதா? நாளைக்கு மாவு சலிக்கறப்ப பிளேனே வெளிய வரும்போல!"

புதன்கிழமை அவர் கேப்டனுக்குத் தந்தி கொடுத்தார். 'கையெழுத்துக்காகச் சனிக்கிழமை வருகிறேன்' என்று போட்டு நேரமும் குறித்தார். வியாழக்கிழமை, புரட்டாசி பிறந்தது. அன்றுதான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது.

பொழுது விடிந்தபோது எந்தத் திசையிலும் சாலை இல்லை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பல ஊர்களில் உயிர்களும் போயின என்பதைப் பிற்பாடு படித்தோம். அதைப் பற்றி இந்த மாதிரி வேடிக்கைப் பக்கத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் அன்று கேட்டது ஒரு சத்தம்தான்: பிளேன்காரர் மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிற சத்தம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க கூடப் போங்க. சைக்கிள்ல போனா வுட்டுடுவாங்களாம்."

"அவரே மிதித்துப் போகலாமே அம்மா."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அவுருக்கு சைக்கிள் வுடத் தெரியாதுண்ணே. வெளிய சொல்லாதீங்க."

இன்றுவரை நான் வெளியே சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மழைமானியை ஒரு சக ஊழியரிடம் ஒப்படைத்திருந்தேன். நான் மிதித்தேன். பிளேன்காரர் பின்னால் கேரியரில். நோட்டு அவர் வயிற்றில், பனியனுக்குள், துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பியதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

"எடது பக்கம் எருமை, தெரியுதா சார்?"

"தெரிகிறது."

"எருமை தெரியுதுன்னு சொல்லணும் சார். வெறுமனே தெரியுதுன்னா எது தெரியுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"எருமை தெரிகிறது!"

எருமையே திரும்பிப் பார்த்தது.

முதல் மரம் ஊருக்கு வெளியே கிடந்தது. அதன்மேல் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நான் சர்க்கார் ஊழியன் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ.

"யாரு நீங்க? எங்க போய்க்கினு இருக்கறீங்க?"

நான் ஏதோ ஒரு சாவு வீட்டைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பிளேன்காரர் இறங்கி நின்று, "நான் கோ-பைலட்டுங்க. மலைக்கு கையெழுத்து வாங்கப் போறோம்" என்றார்.

"இன்னாது?"

"பிளேன் ஓட்றவருங்க" என்றேன் நான்.

"பிளேன் ஓட்றவரு சைக்கிள்ல பின்னால குந்திகினு வராரு!" என்று மரத்தின்மேல் இருந்த ஒருவர் சொல்ல, மரமே குலுங்கியது.

பெரியவர் சிரிக்கவில்லை. "கோ-பைலட்டுன்னா? கண்டக்டர் மாதிரியா?"

"இல்லீங்க. எனக்கும் ஸ்டேரிங் உண்டு."

"அப்ப ரெண்டு டிரைவரா? ஓட்றது யாரு?"

"சில நாள் நானுங்க. முழுசும் நானே."

"அப்ப டிரைவரு நீதான்."

"இல்லீங்க, அவருதான். நோட்டுல அவரு பேர்லதான் ஏறும். அவரு கையெழுத்துப் போட்டாதான் என் பேர்ல வரும்."

பெரியவர் மரத்தின் பக்கம் திரும்பினார். "டேய், கேட்டுக்கினீங்களா? ஓட்றது இவுரு. பேரு மட்டும் அவுருது. ஆகாசத்துலயும் இதே கததான்டா!" பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எங்க புள்ளங்களும் படிச்சிப்புட்டு வருது, தம்பி. வேலன்னு போனா லைன்ல கடசீல நிக்கச் சொல்றான். அதுக்குத்தான் இங்க குந்திகினு இருக்கறோம்" என்றார்.

இந்த இடத்தில் பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். பிளேன்காரர் ஒரு விரலைத் தூக்கினார். "அப்டி சொல்ல முடியாதுங்க. பொறுப்பு கேப்டனோடதுதான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா கேள்வி அவரத்தான் கேப்பாங்க..."

நான் அவர் காலை மிதித்தேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே வன்முறை அது.

பெரியவர் கை காட்ட, நான்கு பேர் எங்கள் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "இவுங்கள வுட்டுடச் சொல்லுடா" என்று ஓர் ஆளை அடுத்த மரத்துக்கு முன்னால் ஓடவிட்டார்கள். அந்த ஆள் போய்ச் சொன்னான். அடுத்த மரத்திலிருந்து இன்னொரு ஆள் அதற்கடுத்த மரத்துக்கு ஓடினான். விஷயம் எங்கள் சைக்கிளைவிட வேகமாகப் போனது, போகப் போக வளர்ந்தது. மூன்றாவது மரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்தவர்கள் கொதித்துப்போய் நின்றார்கள்.

"இவுரு பிளேன எவனோ அவன் பேர்ல எழுதிக்கினானாமே! எங்க கீறான் அவன்? நாலு பேரு கூட வரோம், கேட்டுடலாம்!"

"ஐயோ, அவரு ரொம்ப நல்லவருங்க!" என்று பிளேன்காரர் கிட்டத்தட்ட அழுதார்.

"ஏமாந்தவன் எல்லாம் இப்டித்தான் சொல்றான்" என்றார் ஒருவர், மிகுந்த பரிவோடு.

அந்த நாலு பேரையும் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பக் கால் மணி நேரம் ஆனது. கோமுகி அணைக்குக் கீழே ஒரு டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மலை ஏறினோம். இரண்டு மணி நேர நடை. பிளேன்காரர் ஐம்பது அடிக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நோட்டு இருந்தது. வியர்வையில் நனையுமோ என்ற பயம் வந்ததும் அதை என் தலைமேல் வைத்துக் கட்டினார்.

விடுதியை அடைந்தபோது மணி பத்தே முக்கால். பிளேன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஐந்தே கால். அவர் முகத்தில் அந்த வாரத்தின் முதல் நிம்மதி தெரிந்தது. "கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம் சார்."

விடுதிக் காவலாளி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பறவ பாக்கற ஐயாவா? அவுரு போய்ட்டாருங்களே."

"போய்ட்டாரா?"

"யாரோ அஞ்சரைக்கு வரேன்னு தந்தி குடுத்தானாம். இருட்டு வெலகறதுக்குள்ள குளிச்சிட்டு, கோட்டு போட்டுகினு, பேனாவும் கையுமா இந்த நாற்காலில குந்தியிருந்தாரு. குளிருல ரெண்டு தபா தும்முனாரு. ஒன்பது மணி வரைக்கும் பாத்தாரு. மறியல்ல மாட்டிக்கினான்போலன்னு பையத் தூக்கிகினு கெளம்பிட்டாரு. சேலம் பக்கமா எறங்கறாரு. அங்க காட்டு ரோட்டு வழியா ஜீப்பு வருதாம்."

நான் பிளேன்காரரைப் பார்த்தேன். பிளேன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தந்தியிலும் கிரீன்விச் நேரத்தையே போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கேப்டனுக்குப் புரியும்னு நெனச்சேன் சார். முப்பது வருசமா அந்த நேரத்துலயே இருந்தவரு" என்று முனகினார். பிறகு ஓட ஆரம்பித்தார்.

ஒற்றையடிப் பாதையில் அப்படி ஓடிய ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தலையில் நோட்டோடு நான் பின்னால் ஓடினேன். ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டால் கதை முடிந்தது. எங்களைக் காப்பாற்றியது பறவைகள்தான். கேப்டன் மரத்துக்கு மரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில், மலைக் குடியானவர் ஒருவரின் குடிசை வாசலில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை, கழுத்தில் தொலைநோக்கி, அந்த வெயிலிலும் கோட்டு.

பிளேன்காரர் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். கேப்டன் அதைப் பார்த்ததும் புரைக்கேறிவிட்டது.

"அடப்பாவி! ரிட்டயர் ஆன அன்னைக்கே நான் என் கடிகாரத்தைத் திருப்பி வச்சுட்டேன்யா! புண்ணியவானே, எனக்குச் சளி பிடிக்க வச்சுட்டே!"

கை கழுவிவிட்டு வந்து, உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நோட்டை வைத்தார். ஒவ்வொரு வரியாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வீட்டுக்காரருக்குக் கவலை வந்துவிட்டது. என் காதருகே குனிந்தார். "இன்னா சாமி, இத்தினி கையெழுத்து? நெலத்த எழுதி வெக்கறாருங்களா? எங்கூட்டு வாசல்ல வெச்சு எழுதறாரு, நாளைக்கு சாட்சின்னு என்னக் கூப்புடுவாங்களே!"

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் பாதி வந்தது. எனக்கு மூச்சே அப்போதுதான் சீரானது. பிளேன்காரர் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தார். கேப்டனின் பேனா ஒரு வரிக்கு வந்தபோது, பிளேன்காரர் உள்ளங்கையால் அந்த வரியை மூடினார்.

"இது வேணாம் சார்."

"ஏன்?"

"மெட்ராஸ்–திருச்சி. அன்னைக்கு எறக்குனது நீங்க."

கேப்டன் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு பார்த்தார். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"கடைசில பக்கவாட்டுக் காத்து அடிச்சுது சார். நீங்க 'என் கன்ட்ரோல்'னு சொன்னீங்க. நான் 'உங்க கன்ட்ரோல்'னு சொல்லிட்டுக் கைய எடுத்துட்டேன்."

"அது ஒரு அரை நிமிஷம் இருக்குமா? மத்ததெல்லாம் நீதானே ஓட்டினே?"

"எறக்கல சார்."

கையை எடுத்தார். மற்ற வரிகளெல்லாம் மையில் இருந்தன. அந்த ஒரு வரி மட்டும் பென்சிலில் இருந்தது. அதைச் சேர்த்தால் மணிக்கணக்கு சரியாக நிரம்பும். சேர்க்காவிட்டால் ஐம்பது நிமிஷம் குறையும். ஐம்பது நிமிஷம் குறைந்தால் இந்தச் சுற்று இல்லை. எருமை, மரம், மலை, ஓட்டம் எல்லாம் வீண்.

"சும்மா இருங்கள் சார்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சர்க்கார் பதிவேடு எழுதுகிறவன் சொல்லக்கூடாத வார்த்தை. ஆனாலும் சொன்னேன்.

"நீங்களா பாத்து இது வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார் பிளேன்காரர், என்னைக் கவனிக்காமல், கேப்டனிடம். "ஒரு வாரமா அதத்தான் நெனச்சுகினு இருக்கேன். நீங்க மறந்துட்டுப் போட்டுட்டா நான் இன்னா பண்றதுன்னு."

நாங்கள் எல்லோரும் அவர் கையெழுத்துக் கிடைக்காதோ என்றுதான் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தோம். அவர் கிடைத்துவிடுமோ என்று பயந்திருக்கிறார்.

கேப்டன் பேனாவை மூடவில்லை. கோபமாகவே சொன்னார். "இதைச் சொல்லவா மலையேறி வந்தே? இதுக்கு இன்னொரு தந்தி கொடுத்திருந்தா போதுமேய்யா! அதுல நேரம்கூடப் போட வேண்டியதில்லை!"

ஆனால் அந்த வரியைத் துணை விமானிக் கணக்கில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குளிரில் பிடித்த சளியால் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது பிளேன்காரரின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஆச்சா?"

"ஒண்ணு தவிர எல்லாம் ஆச்சு."

"எது, திருச்சியா?"

பிளேன்காரர் திடுக்கிட்டார். "உனக்கு எப்டித் தெரியும்?"

"தெனமும் தூக்கத்துல 'திருச்சி, திருச்சி, உங்க கன்ட்ரோல், உங்க கன்ட்ரோல்'னு ஒளறிக்கினு இருந்தீங்களே. திருச்சிக்குக் கூட்டிகினு போய் குடும்பத்த என் கையில குடுக்கப் போறீங்கன்னு நானும் சந்தோசமா இருந்தேன்." சொல்லிவிட்டு உள்ளே போனார். பிறகு திரும்பி வந்து, கணவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தார்.

அந்தச் சுற்று போய்விட்டது. ஜூனியர்கள் இருவரும் முன்னால் போனார்கள். அடுத்த சுற்று வர ஒன்றரை வருஷம் ஆனது. அதன் பிறகு அவர் கேப்டன் ஆகி, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசியாக வந்த கடிதத்தில் தேதி இருந்தது, முகவரி இல்லை.

நான் விமானத்தில் போனது இரண்டே இரண்டு முறை. இரண்டு முறையும், இறங்கும் நேரத்தில் இறக்கை ஆடி, பக்கத்துச் சீட்டுக்காரர்கள் சாமி பேரைச் சொன்னபோது, முன்னால் மூடியிருந்த விமானி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இருப்பது பிளேன்காரராக இருந்தால் தேவலை என்று தோன்றியது.